நெல் லோடு, ஐப்பசி மழை, மூடி உள்ள ஒரு பெயிண்ட் வாளி

ஒரு தம்பி எழுதிக் கேட்டிருப்பது இது. லாரி ஓட்ட வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. திருவாரூர் பக்கத்துக் கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல் மூட்டை ஏற்றுகிறார். ஐப்பசி பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூடக் காய்ந்த துணியோடு வீடு திரும்பவில்லை, கால் விரல் இடுக்கு வெந்துபோய் அரிக்கிறது. "எந்த மழைக்கோட்டு நல்லது? முதலாளியிடம் கேட்டால் சிரிக்கிறார்." கேள்வி கோட்டைப் பற்றித்தான். ஆனால் படித்தால் வேறொன்று தெரிகிறது. பதினாலு மணி நேரம் வண்டியோடு கிடக்கிற ஆள், அதில் ஏழெட்டு தடவை மழையில் இறங்கியே தீர வேண்டும், மீதி நேரமாவது எப்படி உலர்ந்து உட்காருவது என்று கேட்கிறார். கோட்டு அதில் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் 24 வருஷம் லாரி ஓட்டினேன். பெரும்பாலும் இந்த வட்டாரம்தான். மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று நெல்லும் யூரியாவும் உப்பும் மாறி மாறி. மலை ரோடோ வடநாட்டுப் பனியோ எனக்குப் பழக்கமில்லை, அந்தப் பக்கம் ஓட்டுகிறவர்கள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வடகிழக்குப் பருவமழை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன்.

முதலில் எங்கே நனைகிறோம் என்று பாருங்கள். ஓட்டும்போது யாரும் நனைவதில்லை. தார்பாய் போடும்போது, கயிறு இறுக்கும்போது, எடை மேடையில் சீட்டு வாங்கும்போது, கிடங்கு வாசலில் வரிசையில் நிற்கும்போது. இதிலும் தார்பாய்தான் பெரிய எமன். குறுவை அறுவடை முடிந்து நெல் வந்து குவிகிற நேரமும் மழை தொடங்குகிற நேரமும் ஒன்றாக இருப்பது நம் ஊர் தலையெழுத்து. நெல்லுக்கு 17 சதவீத ஈரம்தான் வரம்பு என்று மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள், மழை வருஷத்தில் மாநில அரசு எழுதிக் கேட்டு மத்திய அரசு அதைக் கொஞ்சம் தளர்த்துவதும் உண்டு. ஓட்டுநர் எத்தனை சதவீதம் ஈரமாக இருக்கலாம் என்று இதுவரை யாரும் மீட்டர் வைக்கவில்லை.

நான் சின்னப் பையனாக ஓட்ட வந்த புதிதில், ராத்திரி ஒன்பது மணிக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்தில் லோடு ஏற்றி முடித்தார்கள். மூட்டையை மேலே தட்டையாக அடுக்கியிருந்தார்கள், நானும் கவனிக்கவில்லை. தார்பாயை இழுத்துக் கட்டிவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் மழை. கிடங்கில் போய்க் கயிற்றை அவிழ்த்து ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், நடுவில் குளம் மாதிரி தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் கழுத்துக்குள் இறங்கியது. கோட்டு போட்டிருந்தேன். கோட்டுக்குள்ளேயே நனைந்தேன். அங்கே இருந்த லோடுமேன் ஒருவர், "தம்பி, கூரைக்கு முகடு வைக்காமல் யாராவது வீடு கட்டுவானா?" என்றார். அன்றிலிருந்து மேல் அடுக்கில் நடுவே ஒரு வரிசை மூட்டையை உயர்த்திப் போடச் சொல்வேன். 40 கிலோ மூட்டை, பத்துப் பன்னிரண்டு தூக்கிப் போட்டால் போதும், தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து போய்விடும். லோடுமேன்களிடம் முதலிலேயே, டீ வாங்கிக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அடுக்கி முடித்த பிறகு சொன்னால் திட்டுதான் கிடைக்கும்.

இரண்டு தார்பாய் போடுகிற வண்டியில் பின் பக்கத்தை முதலில் போட்டு, அதன்மேல் முன் பக்கத்துத் தார்பாய் ஏறி நிற்கிற மாதிரி போடுங்கள். ஓடும்போது காற்று முன்னாலிருந்து வருகிறது. மாற்றிப் போட்டால் காற்று அந்த இடுக்கில் புகுந்து தூக்கும், மூட்டையும் நனையும், நடுவழியில் மழையில் இறங்கி மறுபடி கட்ட வேண்டியும் வரும். அப்புறம் கயிறு. பழைய சணல் கயிறு நனைந்தால் இறுகும், நைலான் கயிறு நனைந்தால் கொஞ்சம் நெகிழும். அதனால் கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒரு தடவை இறுக்கித்தான் ஆக வேண்டும். அதை எங்கே செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் கிளம்பும்போதே எந்தப் பெட்ரோல் பங்கில் நிறுத்துவது என்று முடிவு செய்துகொள்வேன். கூரை இருக்கும், விளக்கு இருக்கும், தரை சேறாக இருக்காது. லோடோடு சேர்த்து வண்டி உயரம் அந்தக் கூரைக்குள் போகுமா என்று காய்ந்த நாளிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அரிசி ஆலை வாசல் தாழ்வாரமும் நல்லதுதான், கேட்டுவிட்டு நிறுத்தினால் பெரும்பாலும் யாரும் விரட்ட மாட்டார்கள்.

வண்டியை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துகிறோம் என்பதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. நமக்கு மழையும் வாடையும் வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. ஓட்டுநர் கதவு வலது பக்கம். கிழக்கோ தெற்கோ பார்த்து நிறுத்தினால் நம் கதவு காற்றுக்கு மறைவாக இருக்கும், திறந்து இறங்கினாலும் சீட்டு நனையாது. வடக்கு பார்த்து நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் சாரல் நேராக மடியில் வந்து உட்காரும். ஓடும்போதும் அதே கணக்குதான். தஞ்சாவூரிலிருந்து நாகைக்குப் போகும்போது சாரல் கிளீனர் பக்கம், திரும்பி மேற்கே வரும்போது நம் பக்கம். புயல் நாளில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. புயல் கடக்கக் கடக்கக் காற்று திசை மாறிவிடும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது என்ன நடந்தது என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு வண்டியை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது கோட்டு. பிராண்டு சொல்ல மாட்டேன், கடையில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். மேல்சட்டையும் பேன்ட்டும் தனித்தனியாக உள்ள செட்டு வாங்குங்கள். போர்வை மாதிரி தலைவழியாகப் போடுகிறது நடக்கிறவனுக்குச் சரி, லோடு மேல் ஏறுகிறவனுக்கு ஆகாது, காற்று அடித்தால் பாய்மரம் மாதிரி ஆளைத் தூக்கும். உங்கள் அளவைவிட ஒரு அளவு பெரிதாக எடுங்கள், பத்து வினாடியில் மாட்ட முடியவில்லை என்றால் அவசரத்தில் போடவே மாட்டீர்கள். உள்பக்கம் திருப்பித் தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். துணி எவ்வளவு நல்லதானாலும் தண்ணீர் தையல் ஓட்டை வழியாகத்தான் உள்ளே வரும், முக்கியமாகப் பேன்ட்டின் உட்காருகிற இடத்தில். மின்னுகிற பட்டை இருப்பது நல்லது, ராத்திரி மழையில் கயிறு இறுக்கக் குனிந்து நிற்கிறவனைப் பின்னால் வருகிற பஸ்காரருக்குத் தெரிய வேண்டும். தலைமூடி பக்கத்துப் பார்வையை மறைக்கும், உள்ளே ஒரு தொப்பி போட்டால் மூடி முகத்தில் விழாது.

ஒரு சின்ன விஷயம், எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். கயிறு இழுக்கக் கையை மேலே தூக்குவீர்கள். கயிற்றில் வழிகிற தண்ணீர் விரலுக்கு, விரலிலிருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து சட்டைக் கைக்குள் புகுந்து அக்குள் வரை போய்விடும். கோட்டு போட்டும் சட்டை நனைகிறதே என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். பழைய டயர் டியூபை வளையமாக வெட்டி இரண்டு மணிக்கட்டிலும் கோட்டுக்கு மேல் மாட்டிக்கொள்ளுங்கள். மீதிப் பாதிப் பேருக்குக் காரணம் வியர்வை. ரெக்சின் மாதிரிக் கோட்டைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் வேலை செய்தால் உள்ளேயே மழை பெய்யும். வேலை முடிந்ததும் கழற்றுங்கள், அதை மாட்டிக்கொண்டே ஓட்டாதீர்கள். வயலில் நடவுக்குப் போகிற பெண்கள் யூரியா சாக்கை ஒரு மூலை மடித்துக் கொங்காணி போட்டுக்கொள்வார்கள், முதுகு நனையாது, பக்கவாட்டில் காற்றும் போகும். அவசரத்துக்கு நானே போட்டிருக்கிறேன், கிண்டல் செய்தவர்கள் எல்லாம் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றையும்விட முக்கியமானது. வெளியே நனைவது பத்து நிமிஷம், அந்த ஈரத்தைக் கேபினுக்குள் ஏற்றிக்கொண்டால் பத்து மணி நேரம். கேபினுக்குள் ஈரம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பழகிய முறையைச் சொல்கிறேன். மூடி உள்ள 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு வைத்திருப்பேன். ஒன்றில் காய்ந்த கைலி, சட்டை, பனியன், உள்ளாடை, ஒரு துண்டு. இந்த வாளியை வேறெதற்கும் திறப்பதில்லை. இன்னொன்று காலியாக இருக்கும், ஈரக் கோட்டைக் கதவுக்கு வெளியே நின்றே உதறி, சுருட்டி அதற்குள் போட்டு மூடிவிடுவேன். ஈரத்தைச் சீட்டில் போட்டால் சீட்டுப் பஞ்சு குடித்துவிடும், அது ஒரு வாரத்துக்குக் காயாது, நீங்கள் காய்ந்த கைலி கட்டி உட்கார்ந்தாலும் பின்பக்கம் நனையும். துண்டு விஷயத்தில் ஈரிழைத் துண்டுதான். டர்க்கி டவல் மழைக்காலத்தில் ஒரு தடவை நனைந்தால் பிணம் மாதிரி கனக்கும், நாறும். ஈரிழைத் துண்டைப் பிழிந்து கண்ணாடி ஓரம் கட்டினால் ஒரு மணி நேரத்தில் மறுபடி துடைக்கலாம். காலுக்கடியில் சாக்கு விரிக்கிற பழக்கம் இருந்தால் மழைக்காலத்தில் எடுத்துவிடுங்கள். ரப்பர் மேட்டு போட்டால் தண்ணீரைக் கொட்டிவிடலாம், சாக்கு சேர்த்து வைத்துக்கொள்ளும்.

கோட்டை ராத்திரி வாளியிலேயே விட்டுவிடாதீர்கள், பூசணம் பிடிக்கும். வீடு வந்ததும் கொடியில் போடுங்கள்.

கேபினே ஒழுகினால் என்ன செய்வது? நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் கட்டிய பாடியானாலும் சரி, கம்பெனி கேபினானாலும் சரி, ஒழுகுகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: முன் கண்ணாடியைச் சுற்றி உள்ள ரப்பர், கதவு ரப்பர், கிளட்ச் பிரேக் மிதி தரையைத் துளைத்துக்கொண்டு போகிற ஓட்டை. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. தேங்கிய தண்ணீரில் போகும்போது சக்கரம் அடிக்கிற தண்ணீர் அந்த வழியாகத்தான் காலில் பீய்ச்சும். ஒருவரை உள்ளே உட்கார வைத்து வெளியிலிருந்து ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்துப் பாருங்கள், அரைமணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். புரட்டாசியிலேயே செய்ய வேண்டிய வேலை, இப்போதும் தாமதமில்லை.

கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிவதும் இதன் தொடர்ச்சிதான். ஈரத் துணியைக் கேபினுக்குள் சூடாக இருக்கிற இன்ஜின் மூடி (பேனட்) மேல் காயப் போடுகிறோம், அந்தத் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ந்த கண்ணாடியில் போய் ஒட்டுகிறது. துணி காயும், ரோடு தெரியாது. ஏசி இருந்தால் ஆவி சட்டென்று போய்விடும், ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடுகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது அதற்கு முந்தைய வண்டி. அதற்குச் சாரல் அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைப்பதுதான் வழி. ஏசி போட்டு எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது மட்டும் வேண்டாம். புகைக்குழாய் எங்கேயாவது கசிந்தால் வருகிற வாயுவுக்கு வாசனை கிடையாது, எழுந்திருக்க மாட்டீர்கள்.

காலுக்கு வருவோம். சேற்றுப்புண் என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் பூஞ்சைதான். கால் நாள் முழுக்க ஊறினால் தோல் வெந்து, அது உள்ளே புகுந்துகொள்ளும். இரண்டு ஜோடி செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இறங்க ஒன்று, பின்பக்கம் வார் உள்ளதாக. ஓட்ட இன்னொன்று, காய்ந்ததாக. ஈரமான ஹவாய் செருப்போடு கிளட்சை மிதிப்பது வழுக்கும், கழன்று பிரேக்குக்கு அடியில் போய் மாட்டினால் அப்புறம் கதையே வேறு. கம்பூட்ஸ் போட்டால் நனையாது, ஆனால் மிதி எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது. லோடு ஏற்றும் இடத்தில் மட்டும் போடலாம். கேபினுக்குள் வந்ததும் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடையுங்கள். தண்ணீரில் இறங்குவதற்கு முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுவது எனக்குப் பலன் தந்திருக்கிறது, தோல் அவ்வளவு சீக்கிரம் ஊறாது. ஆனால் அரிப்பு தொடங்கிய பிறகு அதனால் குணமாகாது. டீசலும் மண்ணெண்ணெயும் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தோல் எரிந்து இன்னும் மோசமாகும். மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு கிரீம்" என்று கேட்டு வாங்காதீர்கள். அப்படிக் கொடுப்பதில் பல ஸ்டீராய்டு கலந்தவை. இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு படர்தாமரை தொடை வரை ஏறும். எனக்கு ஏறியது. குணமாக நாலு மாதம் ஆனது. தோல் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

வெள்ளத் தண்ணீரில் காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் இறங்காமல் இருக்கப் பாருங்கள். நெல் இருக்கிற இடமெல்லாம் எலி இருக்கும், அதன் சிறுநீர் கலந்த தண்ணீரில்தான் எலிக்காய்ச்சல் வருகிறது. இறங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், ஆடுசதை வலி, கண் சிவப்பு என்று வந்தால் டாக்டரிடம் "வெள்ளத்தில் நின்றேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். மருந்து என்ன, எவ்வளவு என்பதெல்லாம் அவர் வேலை.

மழையில் நனைந்தாலே சளி பிடிக்கும் என்பார்கள். சளி கிருமியால் வருகிறது, மழையால் அல்ல. வைப்பர் நின்றுவிட்டால் கண்ணாடியில் பீடித் தூளைத் தேய்த்தால் தண்ணீர் நிற்காமல் வழியும் என்பது இன்னொன்று. நான் செய்து பார்த்ததில் ஒரு தடவை உதவியது, இரண்டு தடவை கண்ணாடி இன்னும் கலங்கியது. வைப்பர் ரப்பரை வருஷா வருஷம் மாற்றிவிடுவது மேல்.

மூன்று எச்சரிக்கை, சுருக்கமாக. இடி மின்னலில் லோடு மேல் ஏறாதீர்கள். கதவை மூடிக்கொண்டு இரும்புக் கேபினுக்குள் இருப்பது எவ்வளவோ பாதுகாப்பு, தார்பாய் பிறகு கட்டலாம். ஏறுவதற்கு முன் தலைக்கு மேல் கரண்ட் கம்பி தாழ்ந்து தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள், நம் கிராமத்து ரோடுகளில் அது சாதாரணம். வெண்ணாறு, கோரையாறு கரை ரோடுகளில் எதிரே பஸ் வந்தால் நின்று வழிவிடுங்கள், தாரை விட்டு மண்ணில் இறங்க வேண்டாம். காய்ந்தால் பாறை மாதிரி இருக்கிற களிமண், மழைக்குப் பிறகு சக்கரத்தை விழுங்கும். லோடு வண்டி புதைந்துவிட்டால் அன்று முழுக்க மழைதான் உங்களுக்கு வீடு.

காகிதங்களைப் பற்றிக் கவலை குறைவு. ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் 2018 முதல் போனில் டிஜிலாக்கர் என்ற அரசு ஆப்பில் காட்டினாலே செல்லும். லோடு சீட்டும் எடை சீட்டும்தான் காகிதம். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோட்டுக்கு உள்பக்கம் வையுங்கள். நனைந்த சீட்டில் மை பரவினால் கிடங்கில் இறக்க மாட்டார்கள், மறு சீட்டுக்கு அந்த மழையிலேயே திரும்ப வேண்டும்.

கடைசியாக, முதலாளி சிரிக்கிறார் என்றீர்களே. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தின் பத்தாவது பிரிவில், ஓட்டுநர்களுக்குச் சீருடையும் மழைக்கோட்டும் கொடுக்கும்படி நிறுவனங்களுக்கு மாநில அரசு விதி போடலாம் என்று இருந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்களுக்குத்தான் அந்தச் சட்டம், இப்போது அது 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஒற்றை லாரி முதலாளியிடம் சட்டம் பேசிப் பயனில்லை, நானே இப்போது ஒற்றை லாரி முதலாளிதான். அவரிடம் கோட்டு கேட்காதீர்கள், கதவு ரப்பரும் வைப்பர் ரப்பரும் மாற்றித் தரச் சொல்லுங்கள். வண்டிக்குச் செலவு என்றால் கை நீளும். கோட்டை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் அளவு உங்களுக்குத்தான் தெரியும். வாளி வாங்கக் காசு வேண்டாம், வீடு கட்டுகிற இடத்தில் பெயிண்டரிடம் கேட்டால் சும்மா கொடுப்பார். மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று மட்டும் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்து எடுங்கள்.